இரண்டாவது சரணம்

வலது பக்கம் திரும்பி நேரே போனால் கடல் என்று ஹோட்டல் வரவேற்பில் இருந்த பெண் கையையும் நீட்டிக் காட்டித்தான் அனுப்பினாள், ஆனால் வாசலைத் தாண்டியதும் இமெல்டாவின் கால் சர்வ சாதாரணமாக இடது பக்கம் திரும்பிவிட்டது, அதுவும் ஒரு சந்தேகமும் இல்லாமல், ஏதோ பிறந்ததிலிருந்து பிரான்ஸின் இந்த நீஸ் நகரத்திலேயே காய்கறி வாங்கித் திரிந்தவள் மாதிரி. கால் என்ன செய்யும், பாவம். பதினெட்டு வருஷமாக அதற்குக் கொடுத்த பழக்கம் அப்படி. எதிரில் நிற்கிற ஆள் வலது காலை வைக்க வேண்டுமானால் நீ இடது காலை வை, அவன் இடது கையை வீச வேண்டுமானால் நீ வலது கையை வீசு, கண்ணாடியைப் பார்க்கிற மாதிரி உன்னைப் பார்த்து ஆடிவிட்டு அவன் கேரவனுக்குப் போய்விடுவான். சினிமாவில் டான்ஸ் அசிஸ்டென்ட் என்றால் வேறென்ன. மாஸ்டர் மானிட்டர் முன்னால் மைக்கோடு உட்கார்ந்திருப்பார், ஹீரோ வெளிச்சத்தில் நிற்பார், கேமராவுக்குப் பக்கத்தில் யார் கண்ணிலும் படாத இடத்தில் வியர்த்து வழிந்துகொண்டு, ஒன், டூ, த்ரீ என்று வாயால் கவுண்ட் கத்திக்கொண்டு, முழுப் பாட்டையும் இடம் வலம் மாற்றி ஆடிக் காட்டுகிறவள் இமெல்டா. வயசு நாற்பத்தொன்று, பிறந்தது காசிமேடு, குடியிருப்பது சாலிகிராமம், இரண்டு முட்டியிலும் வலி. எட்வின் மாஸ்டரின் ஆள் என்று சொன்னால் கோடம்பாக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். இமெல்டா என்று சொன்னால், எந்த இமெல்டா என்பார்கள்.

அந்த எட்வின் மாஸ்டர்தான் இன்று காலை ஷூ லேஸ் கட்டக் குனிந்தவர் குனிந்தபடியே நின்றுவிட்டார். இடுப்பு பிடித்துக்கொண்டது. உலகத்தையே ஆட வைத்த மனுஷன், லேஸ் கட்டப் போய் இப்படி. டாக்டர் வந்து ஊசி போட்டுவிட்டுப் போயிருக்கிறார், கட்டில் மெத்தை ஆகாது என்று ஹோட்டல் அறையில் தரையில் படுத்துக் கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஒரு பாட்டு எடுக்கத்தான் இவ்வளவு தூரம் வந்தது, அதில் பல்லவியும் முதல் சரணமும் இரண்டு நாளில் எடுத்தாயிற்று. மீதி இரண்டாவது சரணம் மட்டும். இன்று சாயங்கால வெயில்தான் கடைசி, நாளைக்கு விமானம். காலைச் சாப்பாட்டு மேஜையில் டைரக்டர் பையன், பையன்தான், முப்பது வயசு இருந்தால் அதிகம், ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே சொன்னான், அக்கா, ஸ்டெப்ஸ் நீங்களே போட்டுருங்க, மூணு மணிக்குக் கடற்கரை ரோட்டுக்கு வந்து எனக்குக் காட்டுங்க, சரியா வரலைன்னா பரவாயில்ல, ரெண்டு பேரையும் ஸ்லோமோஷன்ல நடக்க விட்டு எடுத்துக்கறேன். பரவாயில்ல என்ற அந்த வார்த்தைதான் வெறும் வயிற்றில் குடித்த காபி மாதிரி இன்னும் எரிந்துகொண்டிருக்கிறது. ஸ்லோமோஷனில் நடக்க விடுவானாம். நடக்கத்தான் எல்லாருக்கும் தெரியுமே, அதற்கு ஏழு கடல் தாண்டி ஒரு டான்ஸ் யூனிட் எதற்கு. ஆனால் கோபத்துக்கு அடியில் பயம் இருந்தது, அதை மூடி வைத்துப் பிரயோஜனம் இல்லை. பதினெட்டு வருஷத்தில் சொந்தமாக ஒரு சரணம் போட்டதில்லை. குருவி தலையில் பனங்காய். முடியாது என்று சொல்லியிருக்கலாம், டைரக்டர் முகம் சுளிக்கக்கூட மாட்டான். சரிங்க சார் என்று எந்த வாய் சொன்னது, தன் வாய்தானா அது.

காதில் வயரை மாட்டிக்கொண்டு இமெல்டா சரணத்தைத் திரும்பத் திரும்ப ஓட விட்டாள். கோபித்துக்கொண்ட ஒருத்தனும் ஒருத்தியும் பேசாமல் ஒரே தெருவில் போகிறார்கள், அவ்வளவுதான் வரிகளில் விஷயம், மெட்டுதான் ஆளைக் குழைய வைக்கிற மெட்டு. வெயில் என்றால் அப்படி ஒரு வெயில், ஆனால் மெட்ராஸ் வெயில் மாதிரி தலையில் உட்காராமல் தோளில் கை போட்டுக்கொண்டு கூட வருகிற வெயில். மஞ்சள் சுவர்கள், பச்சை ஜன்னல் கதவுகள், கண்ணாடிக்குள் ஒற்றைச் செருப்பை மட்டும் ராஜா மாதிரி உட்கார வைத்திருக்கிற கடை, தொப்பி போட்ட பெண்மணிகள், அந்தத் தொப்பிக்குப் பொருத்தமாகக் கழுத்துப்பட்டை போட்ட நாய்கள். முதல் வரிக்கு ஒரு கை வீச்சு வந்தது. நல்லா இருக்கே என்று நினைத்த மறு நொடி, இது மாஸ்டர் பொள்ளாச்சியில் போட்டது, தேங்காய்த் தோப்புப் பாட்டு. சரி, ஒரு திரும்பல். அது ஊட்டியில் போட்டது. தோளைக் குலுக்கி ஒரு பின்னடி. அது பழைய கல்லூரிப் படம், ஹீரோவுக்குக் கால் சுளுக்கிக்கொண்டதே, அது. எதை எடுத்தாலும் அடியில் மாஸ்டரின் பெயர் எழுதியிருக்கிறது, வாடகைப் பாத்திரக் கடையில் அண்டாவில் பெயர் வெட்டி வைத்திருப்பார்களே, அந்த மாதிரி. எனக்குன்னு உள்ள ஒண்ணும் இல்லையோ. கரண்ட் போன வீட்டில் ஸ்விட்சைத் தட்டுகிற மாதிரி தட்டித் தட்டிப் பார்த்தாள். இத்தனை வருஷமும் ஒரு மனுஷிக்குப் பதிலாக ஒரு கண்ணாடி சம்பளம் வாங்கிக்கொண்டிருந்ததோ. கண்ணாடிக்கு முன்னால் ஆள் நின்றால்தானே உருவம். ஆள் போய்த் தரையில் படுத்துக்கொண்டால் கண்ணாடி எதைக் காட்டும். இந்த யோசனை வந்ததும் மனசு அதிலேயே மாட்டிக்கொண்டது, முள்ளில் மாட்டிய சேலை மாதிரி, முன்னால் இழுத்தாலும் கிழியும், பின்னால் வந்தாலும் கிழியும். கடல் எப்போது வரும் என்று பார்த்தாள். வரவே இல்லை. வராதுதான், கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அரை மணியாக நடந்தால் எப்படி வரும்.

ஒரு பூக்காரியிடம் கையைக் காலை ஆட்டிக் கேட்டு, அவள் காட்டிய கையை மனசுக்குள் ஒருமுறை திருப்பிப் போட்டு, அப்புறம் திருப்பியதைத் திருப்பி, ஒருவழியாகப் பழைய ஊருக்குள் வந்து சேர்ந்தாள். சந்து என்றால் சந்து. இரண்டு பக்கமும் கை நீட்டினால் சுவர் தொடும், மேலே கொடி கட்டித் துணி காயப் போட்டிருக்கிறார்கள், ஜட்டி பனியன் முதற்கொண்டு. அப்பாடா என்றிருந்தது. ஆடம்பர ஊர் ஆடம்பர ஊர் என்று யூனிட்டே வாயைப் பிளந்தது, இங்கேயும் ஈரத் துணி சொட்டத்தான் செய்கிறது. தலையில் ஒரு சொட்டு விழுந்தது, துடைத்துக்கொண்டாள். அப்போதுதான் டமார் என்று ஒரு சத்தம், சுவரோடு ஒண்டினாள். புறாக்கள் கிளம்பின. தெருவில் ஒருத்தரும் அசையவில்லை. ஒரு கிழவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துத் திருகிக்கொண்டார், இவளைப் பார்த்துச் சிரித்து மேலே குன்றைக் காட்டி, பன்னிரண்டு என்பதை விரலால் சொன்னார். மத்தியானம் ஆனால் மணிக்குப் பதிலாகப் பீரங்கிக் குண்டு போடுவார்களாம். நல்ல ஊர்தான். முதல் நாள் ஷூட்டிங்கில் புரொடக்ஷன் மேனேஜர் கேமராவுக்குத் தேங்காய் மேல் கற்பூரம் வைத்துக் காட்டியதற்குச் சைக்கிளில் இரண்டு போலீஸ் வந்து நின்றார்களே, நெருப்பு நெருப்பு என்று. பூஜை என்று சொன்னால் அவர்களுக்கு என்ன புரியும், மனுஷன் கையெடுத்துக் கும்பிட்டு, காட் காட் என்று வானத்தைக் காட்டினார், கடைசியில் அந்தப் போலீஸ்காரனே தேங்காய்ச் சில்லு ஒன்றை வாங்கித் தின்றுவிட்டுப் போனான். நினைத்ததும் சிரிப்பு வந்தது. பன்னிரண்டு என்றால் இன்னும் மூன்று மணி நேரம். சிரிப்பு அடங்கியது.

முக்கில் ஒரு கடையில் அகலமான தட்டில் மஞ்சளாக எதையோ வார்த்து விறகு அடுப்பில் சுட்டு, கத்தியால் தாறுமாறாகக் கிழித்துக் காகிதத்தில் போட்டுக் கொடுத்தார்கள். வாங்கி வாயில் வைத்தால், அட, கடலை மாவு. மிளகுத் தூள் தூவிய கடலை மாவு அடை. நின்றுகொண்டே தின்றாள், எண்ணெய் விரலில் வழிந்தது. மகள் ஷைனிக்குப் போட்டோ அனுப்பலாமா என்று நினைத்து, வேண்டாம், பள்ளிக்கூடத்தில் இருப்பாள் என்று விட்டாள். போட்டோ அனுப்பினால் அவள் கேட்பாள், நீ இருக்கிற போட்டோ எங்கம்மா என்று. இவள் கடலைப் படம் எடுத்துப் போடுவாள், தெருவைப் போடுவாள், யூனிட்டைப் போடுவாள், இமெல்டா போடுகிற எந்தப் போட்டோவிலும் இமெல்டா இருக்கமாட்டாள். சின்ன வயசில் ஷைனியைத் தியேட்டருக்குக் கூட்டிப் போய், படம் முடிந்ததும் உட்கார், உட்கார் என்று இழுத்து வைத்து, அம்மா பேர் வரும் பார் என்று காட்டப் போனால், நடன உதவி என்று வந்து கண் சிமிட்டுவதற்குள் ஓடிவிட்டது, அதற்குள் தியேட்டர்காரன் லைட்டைப் போட்டுவிட்டான். டி.வி.யில் என்றால் அதுவும் கிடையாது, கடைசி எழுத்தெல்லாம் வருவதற்குள் சோப்பு விளம்பரம். இதற்கு மாஸ்டரைக் குறை சொன்னால் நாக்கு அழுகிப்போகும். ஷைனி வயிற்றில் இருந்தபோது ஆறாம் மாசத்தோடு வேறு எந்த மாஸ்டரும் வீட்டுக்கு அனுப்பியிருப்பார். எட்வின் மாஸ்டர் நாற்காலி போட்டு, நீ வாயால் கவுண்ட் மட்டும் கொடு, உன் தொண்டை இல்லாமல் எனக்கு ஓடாது என்று உட்கார வைத்தார். கவுண்ட்தான் அவருக்குக் கடவுள். ஏழில் விழ வேண்டிய கால் ஏழரையில் விழுந்தால் மைக்கிலேயே குடும்பத்தை இழுப்பார். ஆனால் புருஷன் விட்டுவிட்டுப் போன வருஷம், ஒரு வார்த்தை கேட்காமல் அடுத்தடுத்து நான்கு படம் அவளையே கூட்டிப் போனவரும் அவர்தான். அழுவதற்கு நேரம் கொடுக்கக் கூடாது என்று நினைத்திருப்பார் போல. அந்த மனுஷன் இப்போது தரையில் கிடக்கிறார், இவள் இங்கே நின்று அடை தின்கிறாள்.

நடக்கும்போது காதில் சரணம் ஓடி முடிந்து, தானாக வேறு பாட்டுக்குத் தாவியது. குடம் பாட்டு. பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தைய பாட்டு, இன்றைக்கும் கல்யாண ரிசப்ஷனில் இது இல்லாமல் பந்தி முடியாது. அதில் ஒரு ஸ்டெப், பாதி உட்கார்ந்து, இடுப்பை ஒடித்து, கனமாக ஒன்றைத் தூக்கி ஏற்றுகிற மாதிரி ஒரு இழுப்பு, ஏற்றியதும் ஒரு அலட்சியப் பார்வை. மூன்று வயசுக் குழந்தை ஆடும், மாப்பிள்ளையின் மாமனார் ஆடுவார். நிறுத்தப் போன விரல் அப்படியே நின்றது. மாஸ்டர் என்றைக்குத் தண்ணிக் குடம் தூக்கினார். பெரம்பூரில் குழாய் வைத்த வீட்டில் பிறந்தவர், கையில் குடத்தைக் கொடுத்தால் எந்தப் பக்கம் வாய் என்று கேட்பார். இது காசிமேட்டுத் தண்ணி லாரி. லாரிக்கு முன்னால் முண்டியடித்துப் பிடித்து, பிளாஸ்டிக் குடத்தை முட்டியில் ஒரு தாங்கு தாங்கி, அங்கிருந்து இடுப்புக்கு ஏற்றி, பின்னால் நிற்கிறவளை ஒரு பார்வை பார்ப்போமே, அந்தப் பார்வை. அன்றைக்கு என்ன நடந்தது. பின்னி மில் மைதானம், செட், மத்தியானம், மாஸ்டருக்கு ஒன்றும் ஓடவில்லை. இமெல்டா, இந்த இடத்துல எட்டு கவுண்ட் ஏதாவது போட்டு வை, ஒரு தம் அடிச்சிட்டு வர்றேன் என்று போனார். திரும்பி வந்து பார்த்தார், ம், இருக்கட்டும் என்றார். அவ்வளவுதான். அந்தப் பாட்டுக்கு அவருக்கு மேடை, மாலை, விருது எல்லாம் வந்தது, இவளும் கீழே உட்கார்ந்து கை தட்டினாள், கை சிவக்கத் தட்டினாள், தன்னுடையது என்று ஒரு நொடிகூடத் தோன்றவில்லையே. எப்படித் தோன்றாமல் போயிற்று. அந்த ம், இருக்கட்டும் எத்தனை தடவை கேட்டிருக்கிறாள். ராஜமுந்திரி பிரிட்ஜில். மழை செட்டில். அவர் கையை ஈ ஓட்டுகிற மாதிரி ஒரு வீசு வீசுவார், அதற்கு எலும்பு வைத்து நரம்பு வைத்து எட்டு கவுண்ட்டாக நிற்க வைத்தது யார். சந்தின் நடுவில் நின்றுவிட்டாள். பின்னால் வந்த ஒருத்தி மன்னிப்புக் கேட்டு ஒதுங்கிப் போனாள், வழியை மறித்தது என்னவோ இவள்தான்.

உடனே மனசு மாஸ்டர் பக்கம் சாய்ந்தது. ஏண்டி, உண்ட வீட்டுக்கு ரெண்டகமா. மனுஷன் படுக்கையில் விழுந்த நேரம் பார்த்துப் பாகம் பிரிக்கிறாயா. ஒரே பானையில் வெந்த சோற்றில் என் அரிசி எது, உன் அரிசி எது என்று பொறுக்குகிறவளைப் பைத்தியக்காரி என்றுதான் சொல்வார்கள். எட்டு கவுண்ட் போட்டாய், சரி, பாட்டைப் பிடித்தது யார், ஹீரோவைச் சமாளித்தது யார், கேமராமேனிடம் சண்டை போட்டது யார். இவ்வளவும் சரிதான். சரியாக இருந்தும் உள்ளே ஒரு இடத்தில் விளக்கு எரிய ஆரம்பித்துவிட்டது, அதை ஊதி அணைக்க அவளுக்கு மனசு வரவில்லை. பாகம் பிரிக்க வேண்டாம். யாரிடமும் சொல்லக்கூட வேண்டாம். உள்ளே ஒன்றும் இல்லை என்று அரை மணிக்கு முன்னால் நினைத்தாயே, அது பொய் என்று தெரிந்துகொண்டால் போதும். சந்து முடிந்தது, ஒரு வளைவுக்குள் நுழைந்து வெளியே வந்தாள், கண் கூசியது. கடல். கர்த்தாவே, இது என்ன நீலம். காசிமேட்டுக் கடலைப் பார்த்து வளர்ந்தவளுக்குக் கடல் என்றால் உழைத்துக் களைத்த நிறம், மீன் வாசனை, டீசல். இது இஸ்திரி போட்டு வைத்த மாதிரி இருக்கிறது. நீளமான கடற்கரை ரோடு, பனைமரத்துக்குப் பணக்காரச் சொந்தக்காரன் மாதிரி மரங்கள், கடலைப் பார்த்து வரிசையாக நீல நாற்காலிகள். நேற்று யூனிட் வேனில் வந்து இறங்கி இந்த ரோட்டில்தான் முதல் சரணம் எடுத்தது. வழவழ என்று சமமாக இருந்ததால் மாஸ்டருக்குப் பிடித்துவிட்டது. கீழே கடற்கரையில் மணல் கிடையாது, கொழுக்கட்டை அளவுக்குக் கூழாங்கல்லாகக் கொட்டிக் கிடந்தது, அதில் ஆட முடியாது என்று எட்டிப் பார்த்ததோடு சரி. இமெல்டா நாற்காலியில் உட்கார்ந்து அந்தக் கல்லையே பார்த்தாள். மேலே ரோட்டில் ஜனங்கள் அப்படி ஒரு நடை நடந்து வருகிறார்கள், தோள் என்ன, இடுப்பு என்ன, கறுப்புக் கண்ணாடி என்ன, படி இறங்கிச் செருப்பைக் கழற்றிக் கல்லில் கால் வைத்ததும், அடடா, எல்லாம் போச்சு. ராணி மாதிரி வந்தவள் கோழி மாதிரி கையை விரித்தாள். தொந்தியும் தங்கச் சங்கிலியுமாக வந்த மனுஷன் முதல் நாள் பள்ளிக்கூடம் போகிற குழந்தை மாதிரி மிரண்டு மிரண்டு அடி வைத்தார். ஒருத்தராலும் அழகாக நடக்க முடியவில்லை. வயசான புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர், ஏதோ வாய்ச் சண்டையோடுதான் வந்தார்கள், அந்த அம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டே படி இறங்கினாள், கல்லில் நாலு அடி வைத்தாள், சாய்ந்தாள், பார்க்காமலே கையை மட்டும் பக்கவாட்டில் நீட்டினாள், அவரும் பார்க்காமலே பிடித்துக்கொண்டார். அவள் முகம் அந்தப் பக்கம்தான், அவர் முகம் இந்தப் பக்கம்தான். கை மட்டும் பிடித்தபடி.

இமெல்டா எழுந்துவிட்டாள். படியில் இறங்கும்போதே ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்தாள், சாக்ஸை உருவினாள், காதில் சரணத்தை முதலிலிருந்து வைத்தாள். கல் சுட்டது, சுட்டதோடு உருண்டது. முட்டி, அய்யோ என்றது. சும்மா இரு என்றாள் முட்டியிடம். ஒன்று, இரண்டு, உடம்பு ஒரு பக்கம் போனது, மூன்றில் பிடித்தாள், நான்கில் மறு பக்கம். மாஸ்டர் எப்போதும் முதலில் தரையைத்தான் பார்ப்பார், மேடு பள்ளம் இருந்தால் பலகை போடச் சொல்வார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று அவரையே யூனிட்டில் கிண்டல் செய்வார்கள். கூடம் கோணலாகவே இருக்கட்டுமே. கோணலைத்தானே ஆட வேண்டியிருக்கிறது, கோபத்தில் நடக்கிறவர்களுக்கு எந்தத் தரை சமமாக இருந்தது, புருஷனோடு பேசாமல் இருந்த அந்த வருஷம் இவளுக்கு வீட்டுத் தரையே இப்படித்தான் உருண்டது. சரணத்தில் அவன் இரண்டு அடி முன்னால், அவள் பின்னால், இரண்டு பேரும் விழாமல் இருக்கப் படாத பாடு படுகிறார்கள், படுவதைக் காட்டிக்கொள்ளக் கூடாது, கழுத்துக்கு மேலே கௌரவம், கழுத்துக்குக் கீழே தள்ளாட்டம். ஆறில் அவள் சாய்கிறாள். ஏழில் கல் உருண்டு கால் அந்தரத்தில் ஒரு கணம் தொங்கியது, ஏழு போய்விட்டது, எட்டு இன்னும் வரவில்லை, அந்தச் சின்ன இடைவெளியில் கை தானாக நீண்டது. கல்லில் யாரும் கவுண்ட்டுக்குக் கால் வைக்க முடியாது, கல் எப்போது விடுகிறதோ அப்போதுதான். மறுபடி செய்தாள். மறுபடி. இது பொள்ளாச்சியில் இல்லை. ஊட்டியில் இல்லை. மூன்றாவது தடவை கவனித்தாள், வலது கால் வலது பக்கமே போகிறது. எதிரில் யாரும் நிற்கவில்லை, கடல்தான் நிற்கிறது, அதற்குக் கண்ணாடி தேவையில்லை. நாலாவது தடவையும் செய்தாள். பக்கத்தில் துண்டு விரித்துப் படுத்திருந்த இரண்டு பெண்கள் எழுந்து உட்கார்ந்து இவளைப் பார்த்தார்கள். பார்க்கட்டும். வயசான ஒரு இந்தியப் பெண்மணிக்குக் கிறுக்குப் பிடித்திருக்கிறது என்று ஊர் போய்ச் சொல்லட்டும்.

காதுக்குள் பாட்டு அறுந்து போன் மணி அடித்தது. மாஸ்டர். ஊசி வேலை செய்கிறது என்றார். குரலில் உற்சாகம், அதற்குள் ஒரு முனகல். இரண்டு பேர் பிடித்துக்கொண்டால் காரில் ஏறிவிடலாம், டைரக்டரிடமும் பேசிவிட்டேன், மானிட்டர் பக்கத்தில் சாய்வு நாற்காலி ஒன்று போடச் சொல், நான் வாயால் சொல்கிறேன், நீ பண்ணு, வழக்கம்போல, பயப்படாதே, உன் தலையில் கட்டிவிட்டார்களே என்று எனக்கு இங்கே படுக்கை கொள்ளவில்லை என்றார். முதலில் வந்தது நிம்மதி. மழைக்குப் பள்ளிக்கூடம் லீவு விட்ட மாதிரி அப்படி ஒரு நிம்மதி, உடம்பே இளகியது, அந்த நிம்மதியைக் கண்டதும் அவளுக்கு வெட்கமாகிவிட்டது. அப்புறம் வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைகிற சத்தம். வரட்டும், வந்தால் என்ன, பார்த்துவிட்டு ம், இருக்கட்டும் என்பார். இல்லை, சொல்ல மாட்டார். கல்லைப் பார்த்ததுமே மேலே ரோட்டுக்கு வா என்பார், நீ சரி மாஸ்டர் என்பாய், வலது கால் இடது காலாகிவிடும். நல்ல மனுஷன், வலியோடு வருகிறேன் என்கிறார், அதுவும் உனக்காக. வேண்டாம் என்று எப்படிச் சொல்வது. அந்த வார்த்தையை அவரிடம் ஒரு நாளும் சொன்னதில்லை, சொல்ல வேண்டி வந்ததும் இல்லை. ஹலோ, லைன்ல இருக்கியா என்றார் மாஸ்டர். காலடியில் ஒரு கல் நழுவியது, ஊன்றிக்கொண்டாள்.

"மாஸ்டர், நீங்க வர வேணாம். நான் போட்டுட்டேன்."

அந்தப் பக்கம் ஒரு முனகல் கேட்டது. கோபமா, வலியா, ஒன்றும் தெரியவில்லை. இமெல்டா கண்ணை மூடிக்கொண்டாள். எங்க போட்ட, மேல ரோட்லயா என்று கேட்டார், ரொம்ப நிதானமாக. கீழ கல்லு மேல மாஸ்டர், வெறுங்கால்ல என்றாள். அதுல நிக்கவே முடியாதேம்மா என்றார்.

"முடியாது மாஸ்டர். அதத்தான் போட்டிருக்கேன்."

 அலை வந்து கல்லையெல்லாம் கலகலவென்று இழுத்துக்கொண்டு போனது. திட்டிவிட்டால்கூடத் தேவலை என்றிருந்தது. கடைசியில் அவர் கேட்டது வேறு. நீ மானிட்டர்ல உக்காந்துட்டா கேமரா பக்கத்துல யாரு நிப்பா, கவுண்ட் யாரு குடுப்பா. இமெல்டா திகைத்துப் போனாள். அதை யோசிக்கவே இல்லை. உலகத்தில் யார் ஆடினாலும் கவுண்ட் கொடுப்பது இமெல்டா, இமெல்டா போட்டதற்குக் கவுண்ட் கொடுக்க ஒரு இமெல்டா இல்லையே. தெரியலை மாஸ்டர் என்றாள், உள்ளதைச் சொன்னாள். அவர் முனகிக்கொண்டே புரண்டு படுக்கிற சத்தம் கேட்டது. போனை ஸ்பீக்கரில் போட்டுக் கேமராவுக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னார். ரிகர்சல் முழுக்க நான் தர்றேன், வாயால எண்ணறதுக்கு இடுப்பு எதுக்கு என்றார்.  அவரே தொடர்ந்து, எனக்கு ஸ்பீடு புடிபடணும், இப்ப ஒரு தடவ பண்ணு, கல்லு சத்தம் இங்க கேக்குது, அது போதும் என்றார். போனைக் கையில் பிடித்துக்கொண்டு இமெல்டா நின்றாள். ஹோட்டல் தரையிலிருந்து அவர் குரல் எண்ண ஆரம்பித்தது, ஒன், டூ, த்ரீ, அவள் நடந்தாள், சாய்ந்தாள், பிடித்தாள், ஏழில் கல் உருண்டு கால் தொங்கியது. குரல் சட்டென்று நின்றது.

"ஏழுல லேட்டா விழுதே. தவறுதா, வேணும்னு பண்றியா?"

"வேணும்னுதான் மாஸ்டர்."

"சரி. அப்ப நானும் அங்க லேட்டாவே சொல்றேன்" என்று சொல்லிவிட்டு, எட்வின் மாஸ்டர் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தார்.